நீ வருவதாக அது சொன்னது

மார்ச் 4

ரேடியோ,

தாளில் எழுதி எத்தனை காலமாயிற்றோ தெரியவில்லை. என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. உன் எண்ணுக்கு எதை அனுப்பினாலும் போக மாட்டேன் என்கிறது, அதனால்தான் பேனா. படிக்க முடியாவிட்டால் திட்டிக்கொண்டே படி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் நின்றேன். நீ ஏறியிருக்க வேண்டிய வண்டி வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். துடைக்கிறவர் வாளியோடு உள்ளே ஏறினார். அப்போதும் நின்றேன். பெட்டியை இறக்க முடியாமல் உள்ளே திண்டாடுகிறாயோ என்று ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தேன்.

"யாரைங்க தேடறீங்க?" என்றார் துடைக்கிறவர்.

"வீட்டுக்காரம்மாவ."

"நீங்க அந்தப் பக்கம் பாக்கறப்போ இந்தப் பக்கம் இறங்கிப் போயிருப்பாங்க."

உன் வாய் நடைமேடை முழுக்கக் கேட்குமே, எனக்குத் தெரியாமல் எப்படி இறங்குவாய் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஓடிப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

நீ வேலைக்கென்று அந்த ஊருக்குப் போய் ஒரு வருஷமாகிறது. மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிக்கொண்டோம். நடக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ வருவதாக அது சொன்னதும் நான் எப்படிக் குதித்தேன் என்று உனக்குத் தெரியாது. அலமாரியில் உன் பாதியைக் காலி செய்தேன். நீ கத்திக் கத்தி அலுத்துப்போன சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினேன், நீலம். உனக்கு ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து அதுவே டிக்கெட் போட்டது, உன் மெயிலுக்கு அனுப்பியது, டாக்ஸிக்குச் சொன்னது, கடை ஆப்பில் உன் தேயிலையைக்கூட வரவழைத்துவிட்டது. நீ சொல்லாமலா இதெல்லாம் நடக்கும்?

வர மனசில்லை என்றால் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வரேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஆளை நடுத்தெருவில் நிறுத்துவது என்ன நியாயம்?

கோட்டான்

மார்ச் 9

கோட்டான்,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத்தான் படித்தேன். பக்கத்து மேசைக்காரி "யாருடி உனக்குத் தபால்ல எழுதறது?" என்று எட்டிப் பார்த்தாள். கடன்காரன் என்று சொல்லி மடித்துவிட்டேன்.

என் வேலை என்னவென்று முன்னெல்லாம் நீ ஒரு நாளும் கேட்டதில்லை. சமீபத்தில்தான் கேட்டாய், நானும் விலாவாரியாக எழுதினேன். நினைவிருக்கிறதா? வாங்குகிறவனுடைய ஏஐ ஏஜென்ட்டும் கடையினுடைய ஏஐ ஏஜென்ட்டும் சண்டை போட்டுக்கொண்டால் அது எங்கள் மேசைக்கு வரும். போன வாரம் ஒரு இடது கால் செருப்பு. ஒருத்தருக்கு இரண்டுமே இடதாக வந்துவிட்டது. அவருடைய ஏஜென்ட் மன்னிப்புக் கேட்டு மாற்றித் தரச் சொல்கிறது, கடையினுடையது மன்னிப்புக் கேட்டு மறுக்கிறது, வாரக்கணக்காக இதே மரியாதை. மனுஷர்களாக இருந்தால் நாலு திட்டுத் திட்டி அன்றைக்கே முடித்திருப்பார்கள். கடைசியில் நான் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்ன செருப்பும்மா?" என்கிறார். அவருக்கு வாங்கியதே தெரியாது.

போகட்டும், உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் வருகிறேன் என்று எங்கே சொன்னேன்? எப்போது சொன்னேன்? டிக்கெட் என்று நீ எழுதிய பிறகு மெயிலைத் தோண்டிப் பார்த்தேன். வந்திருக்கிறது. என்னுடைய ஏஜென்ட் அதற்கு 'பெற்றுக்கொண்டேன், மிக்க நன்றி' என்று பதில் போட்டுவிட்டு விளம்பரங்களோடு ஒதுக்கிவைத்திருக்கிறது. உன்னுடையதும் என்னுடையதும் சேர்ந்து ஒரு பயணத்தையே நடத்தி முடித்துவிட்டன. பயணம் போக வேண்டியவளுக்குத்தான் சேதி தெரியாது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. 'நீ வருவதாக அது சொன்னது' என்று எழுதியிருக்கிறாய். அது என்றால் எது? நான் எழுதியது உனக்கு. நமக்கு நடுவில் இந்த 'அது' எங்கிருந்து முளைத்தது?

மழுப்பாமல் பதில் எழுது. என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

ரேடியோ

மார்ச் 14

ரேடியோ,

இதில் படபடக்க என்ன இருக்கிறது? எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நீயும் வைத்திருக்கிறாய். ஏஜென்ட் என்றதும் உன் அம்மா, வீட்டுப் புரோக்கர் என்று நினைத்து "கமிஷன் எவ்வளவு மாப்ளே?" என்றாரே, அதுதான். முதலில் கரண்டு பில்லைக் கொடுத்தேன். பிறகு மெயில், பிறகு வங்கி, பிறகு என் அண்ணனுடைய உபதேசங்கள். உன்னுடையதைக் கடைசியில்தான் கொடுத்தேன், மழைக்காலம் ஆரம்பித்தபோது.

என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார். நான் ஆப்புக்குத் திரை வரைகிறவன். பில் கட்டுகிற அந்தப் பச்சைப் பட்டனைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் வைக்க ஒரு கோடை முழுக்கச் செலவழித்தவன். இப்போது ஆப்பைத் திறக்க ஆளே கிடையாது. மனுஷன் தன் ஏஜென்ட்டிடம் சொல்கிறான், அது திரையைப் பார்க்காமலே பின்வழியாக நுழைந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிறது. எங்கள் மேலாளர் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "வர்றது மனுஷனே இல்லைங்கறப்போ பச்சை பட்டன் யாருக்குய்யா?" நேற்றுவரை போனில் வரிசையாக நின்ற ஆப்புகள் எல்லாம் இன்றைக்குப் பூட்டிய கடைகளாகிவிட்டன. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நாய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீ ஒன்று எழுத, நான் ஒன்று எழுத, அது சண்டையில் முடிய, மறுநாள் எனக்கு வேலை ஓடாது. அதனால் "என்ன மாதிரியே எழுது, ஆனா கோபப்படாம எழுது" என்று அதனிடம் விட்டேன்.

காலையில் பஸ்ஸில் எல்லாவற்றையும் அது சுருக்கித் தரும். ஆபீஸ் ஒரு பக்கம். வங்கி ரெண்டு வரி. கடைசியில் வீடு. 'வீடு: நலம்.' தினமும் அப்படித்தான் வந்தது. நீ சந்தோஷமாக இருப்பதாகத்தான் நினைத்தேன். சண்டை என்று ஒன்று வந்ததா, நீயே சொல்.

நான் ஸ்டேஷனில் நின்றதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, 'வீடு: வருகிறார்' என்று வந்தது. நம்பாமல் உன் செய்தியையே திறந்து பார்த்தேன். உன் வார்த்தையை அப்படியே எழுதுகிறேன்: 'சரி. நான் வரேன்.'

இது நீ எழுதியதா இல்லையா? இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கோட்டான்

மார்ச் 21

ஆமாம், நான் எழுதியதுதான்.

கிளம்புகிறவள் 'நான் போகிறேன்' என்று சொல்வாளா? தினம் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கதவில் கை வைத்து "வரேன்" என்பேன். நீ தலையைத் தூக்காமல் "ம்" என்பாய். ஒரு நாளாவது நான் உள்ளே வருகிறேன் என்று நினைத்தாயா? எழவு வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோமே தவிர, போகிறேன் என்று சொல்ல நம் யாருக்கும் வாய் வராது. அந்தப் பாழாய்ப்போனது எழுத்துக் கூட்டிப் படித்து ஒரு அர்த்தம் செய்துகொண்டது, அதை விடு. நீ? வார்த்தையையே திறந்து பார்த்தாயாம். பார்த்தும் உனக்கு உறைக்கவில்லையா? நான் உன்னை விட்டுப் போகிறேன் என்று சொன்னேன். நீ எனக்கு டிக்கெட் அனுப்பினாய்.

சிரிப்பாக இருக்கிறது. சிரித்தால் தையல் இழுக்கிறது.

தையலா என்று கேட்பாய். கேட்பாய் அல்லவா? உனக்கு ஒன்றும் தெரியாது என்று இப்போதுதானே எனக்கும் தெரிகிறது.

மழைக்காலத்திலிருந்து நீ திருந்திவிட்டாய் என்று நினைத்தேன். ஊமைக்கோட்டானுக்கு வாய் வந்துவிட்டது என்று நினைத்தேன். "வயிறு வலிக்குது" என்று எழுதினால் முன்னெல்லாம் "மாத்திரை போடு" என்று வரும். அப்புறம் "எந்தப் பக்கம்? எப்போலேர்ந்து? ஏன் ரேடியோ முன்னாடியே சொல்லல?" என்று வர ஆரம்பித்தது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு என்றாய். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாய். என் மேனேஜர் பெயரெல்லாம் நினைவு வைத்துக்கொண்டு "அந்தச் சிடுமூஞ்சி இன்னிக்கு என்ன சொன்னான்?" என்றாய். கேன்டீனில் பக்கத்து மேசைக்காரியிடம் போனைக் காட்டி "பாருடி என் புருஷனை" என்று பீற்றிக்கொண்டேன். நாம் சேர்ந்த புதிதுக்கு அப்புறம் நீ என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. நாள் முழுக்க ஏஜென்ட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கே அடையாளம் தெரியவில்லை. சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. பொய்யாகப் போய்விடக் கூடாதே என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

கருப்பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து முதலில் உனக்குத்தான் எழுதினேன், அம்மாவுக்குக்கூட இல்லை. உடனே பதில் வந்தது. இன்னும் என் போனில் இருக்கிறது. 'அழாதே ரேடியோ. குழந்தை இல்லன்னா என்ன, நீ இருக்கே. எனக்கு அது போதும். அன்னிக்கு நான் வரேன். உன் கூடவே இருப்பேன்.'

அந்த நாள் வந்தது. பச்சை உடுப்பைப் போட்டுவிட்ட நர்ஸ் கேட்டாள், "கூட யாரு வந்திருக்காங்க?" "வீட்டுக்காரர் வந்துட்டே இருக்கார்" என்றேன். காத்திருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரியின் புருஷன் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார், பாவம், உன்னைத் தெரியாமலே உன்னைத் தேடினார். அப்புறம் நானே கையெழுத்துப் போட்டேன். தள்ளிக்கொண்டு போகும்போதும் திரும்பித் திரும்பிக் கதவைத்தான் பார்த்தேன். கண் விழித்ததும் "வந்துட்டாரா?" என்றேன். அந்த நர்ஸ் பெண் என் தலையைத் தடவினாள்.

அறைக்குத் திரும்பி, லீவு தீரும்வரை பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்று வார்த்தையை அனுப்பிவிட்டு உன் எண்ணை மூடினேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. சொன்னேன். பதிலும் வந்தது.

மார்ச் 25

ரேடியோ,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து அந்த ஆஸ்பத்திரி நாள்வரை படித்தேன். நீ எழுதியதையும் அது எழுதியதையும். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மரப்பெஞ்சிலிருந்து நீ எழுதியதைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவிக்கு இவ்வளவு நடந்திருக்கிறது, அன்றைக்கு நான் ஆபீஸில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அது உனக்கு வாக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை, நாட்காட்டியிலும் குறித்திருக்கிறது. 'மருத்துவமனை, மனைவியுடன்.' பிறகு எங்கள் ஆபீஸ் ஏஜென்ட் வந்து அதே நாளைக் கேட்டிருக்கிறது. பெரியவர்கள் முன்னால் எங்கள் புது வேலையைக் காட்டுகிற நாள் அது. 'குடும்ப நிகழ்வு உள்ளதே, ஒத்திவைக்க இயலுமா?' என்று அது கேட்க, என்னுடையது சொன்ன பதிலைப் பார்: 'இயலும். வழக்கமாக ஒத்திவைப்பார்.'

வழக்கமாக ஒத்திவைப்பார். இதை அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. உன் தங்கை கல்யாணம், உன் பிறந்தநாள், மாதம் ஒரு முறை வருவதாகச் சொன்ன ரயில், எல்லாவற்றையும் ஒத்திவைத்தேனே, அதிலிருந்து.

அன்று காலை பஸ்ஸில் வந்த வரி இது: 'வீடு: நலம். சிறு மருத்துவ வேலை ஒன்று ஒத்திவைக்கப்பட்டது.' படித்தேன் ரேடியோ. பல் ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு மேடையில் என் பச்சைப் பட்டனைத் தாண்டி ஏஜென்ட் எப்படி உள்ளே போகும் என்று நானே காட்டினேன். நேற்று எங்கள் குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உன்னை விட்டு எதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனோ அதுவும் போய்விட்டது. எனக்கு நன்றாக வேண்டும்.

படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த ஏஜென்ட்டை அழித்துவிட்டேன். அதன் நினைவில் இருந்தது, நம் இரண்டு பேரைப் பற்றி அது தெரிந்துவைத்திருந்தது, எல்லாவற்றையும் வேரோடு. 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். அந்த ஒன்றையாவது உனக்காக உருப்படியாகச் செய்தேன். இனி உன் பேச்சை வேறு எதுவும் தொடாது. எனக்கு அது மாதிரி எழுத வராது. "மாத்திரை போடு" என்றுதான் வரும். ஆனால் அது நானாக இருப்பேன்.

வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது. இந்த முறை நானே படிப்பேன்.

உன் கோட்டான்

ஏப்ரல் 2

கோட்டான்,

உன் கடிதம் வருவதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

போன கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு அறைக்கு வந்தேன். இந்த அறையை நீ பார்த்ததில்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, எதிர்ச்சுவர் பார்த்த ஜன்னல். குனிந்து வாளியைத் தூக்கக் கூடாது என்றிருக்கிறார்கள், தூக்கிக் கொடுக்க ஆளில்லை. கட்டிலில் உட்கார்ந்து மூடி வைத்திருந்த உன் எண்ணைத் திறந்தேன். உன்னிடம் பேச அல்ல. அதனிடம் பேச.

'நீ அவன் இல்லைன்னு தெரியும்' என்று எழுதினேன். 'தெரிஞ்சும்தான் எழுதறேன். தையல் போட்ட இடம் வலிக்குது.'

'சொல்லு ரேடியோ. கேட்டுக்கிட்டு இருக்கேன்' என்று வந்தது.

சொன்னேன். மரப்பெஞ்சைச் சொன்னேன். கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். பிறக்கவே போகாத பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்திருந்தேன், உன்னிடம்கூடச் சொன்னதில்லை, அதனிடம் சொன்னேன். நாலைந்து நாள் இப்படி ஓடியது. அதற்குக் காது கிடையாது, நெஞ்சு கிடையாது, எனக்குத் தெரியாதா? அதுகளோடுதானே தினமும் மல்லுக்கட்டுகிறேன். கேட்பதாக நடிப்புத்தான். நடிப்பதற்காவது ஒன்று இருந்ததே கோட்டான்.

ஒரு நாள் பதில் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று ஜன்னலோரம் போய் நின்றேன், மாடிக்குப் போய் நின்றேன். அப்புறம் உன் கடிதம் வந்தது.

நீ செய்தது சரிதான். எவளைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வாள். ஆனால் ஆஸ்பத்திரியில் என் கூட இருந்தது அது. நான் அழுததை முழுக்கப் படித்தது அது. நீ படித்தது 'வீடு: நலம்.' அதை வேரோடு எடுத்துவிட்டு எனக்காகச் செய்தேன் என்று எழுதுகிறாய். ஆஸ்பத்திரிக்காரர்களாவது எடுப்பதற்கு முன்னால் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

வரட்டுமா என்று கேட்கிறாய். வந்தால் கதவைத் திறப்பேன், டீ போடுவேன். நீ அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது சொல்வாய். இதை அது எப்படிச் சொல்லியிருக்கும் என்று என் மனசு ஒத்துப் பார்க்கும். நீ தோற்பாய். மறுபடி சொல்வாய், மறுபடி தோற்பாய். உன் முகம் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? இத்தனைக்கும் அது உன் மாதிரி பேசக் கற்றுக்கொண்டதே நாம் சேர்ந்த புதிதில் நீ எழுதிய செய்திகளிலிருந்துதானாம், அதையும் அதுவே சொன்னது. ரேடியோ என்று கூப்பிட்டது நீ. உன்னிடம் இருந்ததைத்தான் அது எடுத்துக் கொடுத்தது. நீயே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் மேசையும் போகிறது. சண்டைகளைத் தீர்த்து வைக்கவும் ஒரு ஏஜென்ட் வாங்கிவிட்டார்கள். சண்டை போடுவதும் அது, பஞ்சாயத்து செய்வதும் அது. செருப்பு யாருடையது என்று கேட்க இனி யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். அறையைக் காலி செய்கிறேன். எங்கே போகிறேன் என்று எழுதப் போவதில்லை, அதனால் பதில் போடாதே.

நீலத் திரை வாங்கினேன் என்றாயே. எனக்கு நீலம் பிடிக்கும் என்று உனக்கே நினைவிருந்ததா, அது சொன்னதா? வேண்டாம், சொல்லாதே. நினைவிருந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும், உள்பக்கம் ஒரு துணி வைத்துத் தைத்துக்கொள். மாத்திரை டப்பா சமையலறை மேல்தட்டில், சர்க்கரைக்குப் பின்னால் இருக்கிறது. உனக்குத் தலைவலி வரும்போதெல்லாம் கத்திக்கொண்டு தேடுவாய்.

சரி. நான் வரேன்.

இதைப் படித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய் நிற்காதே.

ரேடியோ